இடமிருந்து நான்காவது ஆள்

அன்புள்ள மக்கா,

நீ தோஹாவிலிருந்து அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பேசி அனுப்பினால் பாதி விட்டுப்போகும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மைக்கு முட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மூத்தவள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். சின்னவன் பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு நேரே கடப்புறத்துக்குப் பந்துகளிக்க ஓடுகிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் உன் ஞாபகம்தான்.

நம்ம ஃபுட்பால் கிளப்புக்கு வெப்சைட் செய்துகொண்டிருக்கிறோம். கொல்லங்கோட்டில் என் கம்ப்யூட்டர் கடையை அடைத்த பிறகு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் நானும் இப்போதைய செயலாளர் பையனும் உட்காருகிறோம். ஜூன் 1-ஆம் தேதிக்குள் முடிக்க வேண்டும். ஏன் என்று உனக்குத் தெரியும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், பையன்களும் ஊரில் இருப்பார்கள். மழையானாலும் டூர்னமென்ட் நடத்த அதுதான் நேரம்.

முன்பு ஒரு வெப்சைட் இருந்ததே, அது என்ன ஆச்சு என்று கேட்டிருந்தாய். நீங்கள் எல்லாரும் கல்ஃபிலிருந்து அனுப்பிய பணத்தில் வெளியூர் ஆள் ஒருவர் செய்து கொடுத்தார். பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் டொமைன் பெயரை, அதாவது வெப்சைட் முகவரியை, தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிந்திருந்தார். அடுத்த வருஷம் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்பு எல்லாம் அவருக்கே போயிற்று, நமக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் திறந்தால் பக்கமே இல்லை. அவர் கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அதில் ஏற்றியிருந்த படங்களில் பாதிக்கு வேறு பிரதி கிடையாது, அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. இந்த முறை டொமைன் கிளப் பெயரில், கிளப்புக்கென்று தனியாகத் திறந்த மின்னஞ்சலில் இருக்கிறது. பாஸ்வேர்டு இரண்டு பேரிடம், ஒரு பிரதி உறையில் ஒட்டி கிளப் அலமாரியில். படங்கள் எல்லாம் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில். மற்ற வேலை எதையும் தொடங்குவதற்கு முன்பே இதை முடித்தேன்.

அப்புறம், பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று யோசித்தேன். செயலாளர் பையன் சில பெரிய கிளப்புகளின் பக்கத்தைக் காட்டினான். திறந்ததும் வீடியோ ஓடுகிறது, படம் தானாக நகர்கிறது. அவனுக்கு அதே மாதிரி வேண்டுமாம். நான் அவனிடம் உன் தம்பியைப் பற்றிச் சொன்னேன். ஆகஸ்டில் தங்கல் மீன்பிடிப்புக்குப் போனால் முப்பது நாள், நாற்பது நாள் கழித்துத்தான் கரை. படகு கேரளத்துத் தோப்பும்படிக்கோ முனம்பத்துக்கோ திரும்பும்போது, கரை தெரிவதற்கு முன்னால் போனில் ஒரு கோடு சிக்னல் வரும். முதலில் வீட்டுக்குப் போன் போடுவான். அடுத்து கிளப் என்ன ஆச்சு, யார் ஜெயித்தது என்றுதான் பார்ப்பான். அந்த ஒரு கோடு சிக்னலில், திரை கீறல் விழுந்த போனில், நம்ம பக்கம் திறக்க வேண்டும். அதற்குத்தான் செய்கிறோம் என்றேன். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு வீடியோவை அவனே எடுத்துவிட்டான்.

அதனால் முதல் பக்கம் மொத்தமும் 300 கேபிக்குள். போனில் எடுக்கிற படம் ஒன்றே நாலு எம்பி வருகிறது, அதை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி வடிவத்தில் மாற்றினால் பெரும்பாலும் 150 கேபிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. முதல் பக்கத்தில் ஒரே ஒரு படம், மற்றதெல்லாம் தொட்டால்தான் வரும். மேலே இன்றைய ஆட்டம், அதற்குக் கீழே நேற்றைய முடிவு, அதற்குக் கீழே மிச்சம். ஃபிக்ஸ்சரை, அதாவது ஆட்ட அட்டவணையை, முதலில் நோட்டீஸில் அடிக்கிற மாதிரி ஆறு கட்டமாகப் போட்டேன், சின்னப் போனில் பாதி வெட்டிப்போயிற்று. இப்போது ஒரு ஆட்டத்துக்கு இரண்டே வரி, மேல் வரியில் இரண்டு டீம், கீழ் வரியில் தேதியும் நேரமும். முடிவைப் பதிய பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டியதில்லை. மைதானத்து ஓரத்தில் நின்று போனில் கூகுள் ஷீட்டில் எழுதினால் போதும், கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் வந்துவிடும்.

நோட்டுப் புத்தகத்தைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். பழைய செயலாளர் மாமா இறந்து நாலு வருஷம் ஆகிறது அல்லவா, அவர் வீட்டில் மாமி டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார். மூன்று நோட்டு. காலண்டர் தாள் அட்டை போட்டு, வருஷம் எழுதி, நூல் வைத்துக் கட்டியிருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டீம் லிஸ்ட், கோல் போட்டவன் பெயர், எத்தனையாவது நிமிஷம், எல்லாம் பச்சை மையில். ஒரு பக்கத்தில் 'மழை, பாதியில் நின்றது, மறுநாள் மூன்று மணி' என்றிருக்கிறது. இன்னொன்றில் 'ரெஃபரிக்குச் சாயா, பழம்பொரி' என்று செலவுக் கணக்கு. 1992 பக்கத்தில் மீன் செதிள் ஒன்று காய்ந்து ஒட்டிக்கிடக்கிறது, கடலிலிருந்து வந்த கையோடு எழுதியிருக்கிறார் போல. நான் அதை எடுக்கவில்லை, அப்படியே ஸ்கேன் பண்ணினேன்.

நம்ம கரையில் பிறந்த பையன்கள் இன்று எங்கெல்லாமோ களிக்கிறார்கள். 2019-20-இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) ஜெயித்த ஏடிகே டீமில் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இருந்தார். அந்தப் பக்கம், கேரளத்துப் பொழியூரிலிருந்து, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி வரைக்கும் போனவர்கள் எத்தனையோ பேர். ஆனால் இந்தக் கடப்புறத்து டூர்னமென்டுகளில் யார் எதிர் யார் களித்தார்கள், எத்தனை கோல் என்று ஒரு பையன் தேடினால் ஒன்றும் கிடைக்காது. நீ பூவார் டீமுக்கு எதிராகக் கார்னரிலிருந்து நேரே போட்டாயே ஒரு கோல், அது அந்த நோட்டில் 41-ஆம் நிமிஷம் என்று இருக்கிறது. வேறெங்கும் இல்லை. இந்த வேலையில் என் முழு மனசும் இருப்பது அதனால்தான்.

நோட்டை டைப் அடிப்பது பெரிய பாடு. அதோடு 2000-க்குப் பிறகு வந்த போஸ்டரும் டீம் லிஸ்டும் என் கடையிலேயே பாமினி ஃபான்டில் அடித்தவை, அதெல்லாம் கோப்பாக இருக்கிறது. ஆனால் அப்படியே எடுத்துப் போட்டால் வாசிக்க முடியாது. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த ஃபான்ட் இல்லாத போனில் அதுதான் தெரியும், தேடினாலும் அகப்படாது. எல்லாவற்றையும் எந்தப் போனிலும் தெரிகிற யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு பெயரையும் கண்ணால் சரிபார்க்கிறேன். மாற்றிக் கொடுக்கிற கருவி இருக்கிறது, ஆனால் ஜார்ஜ், ஸ்டீபன் மாதிரி கிரந்த எழுத்து வருகிற பெயரில் சில சமயம் சொதப்பிவிடும். தன் பெயர் தப்பாக இருந்தால் ஒருவன் மனசு எவ்வளவு வருத்தப்படும்!

பெயரில் இன்னொரு சிக்கல். 1991 லிஸ்டில் ஒரே டீமில் மூன்று அந்தோணி. ஊர் முழுக்கப் புனிதர் பெயர்தானே. மாமா பட்டப்பெயர் வைத்துத்தான் பிரித்து எழுதியிருக்கிறார். அதில் சிலது சொல்ல நன்றாக இருக்கும், சிலது அவர்கள் பிள்ளைகள் வாசிக்கக் கூடாது. அப்பன் பெயரைச் சேர்த்து எழுதுவதென்று முடிவு செய்தோம். பட்டப்பெயர் வேண்டுமென்று அந்த ஆளோ அவர் வீட்டாரோ சொன்னால் மட்டும் போடுவோம்.

மொழி தமிழ்தான். ஃபிக்ஸ்சரும் முடிவும் மட்டும் மலையாளத்திலும் வரும். நீரோடி தாண்டினால் பொழியூர், அங்கிருந்து டீம் வராத டூர்னமென்ட் நமக்கு உண்டா? நம்ம ஊரிலேயே, தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-க்கு முன்னால் திருவிதாங்கூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தாத்தாமார் சிலருக்கு மலையாளம்தான் சரளமாக வாசிக்க வரும். தடைக்காலத்தில் சாயாக்கடையில் முன்வரிசையில் உட்கார்ந்து ஆட்டத்தை அலசுகிறவர்கள் அவர்கள்தான்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதமாக நின்றேன். ஜூனியர் டீம் படத்தைப் பெயர், வயசு, பள்ளிக்கூடம் எல்லாம் சேர்த்துப் போட வேண்டும் என்று கமிட்டியில் சிலர் கேட்டார்கள். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதினெட்டு வயசுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று சொன்னேன். சட்டம் இல்லாவிட்டாலும் நான் சம்மதித்திருக்க மாட்டேன். ஒரு பத்து வயசுப் பெண் பிள்ளை எந்த நேரத்தில் எந்த மைதானத்தில் நிற்பாள் என்று உலகத்துக்கே எதற்குத் தெரிய வேண்டும்? வீட்டில் கையெழுத்து வாங்கிய பிறகு குழுப் படம் மட்டும், பெயர் இல்லாமல்.

நன்கொடை பற்றிக் கேட்டாயே. நீங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வேலை பார்க்கிறவர்கள், சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் 2010-ஆம் வருஷ வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும், அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது. நம்ம ஆட்களில் அப்படி யாராவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடு. வரவு செலவு மூன்று மாசத்துக்கு ஒருமுறை பக்கத்தில் போடுவோம், மாமாவின் பழம்பொரிக் கணக்கு மாதிரி ஒன்றுவிடாமல்.

இனி சொல்லப்போவதை எழுத இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். 2017 டீம் லிஸ்ட் டைப் அடிக்கும்போது கை நின்றுவிட்டது. அந்த நவம்பர் 30, ஒக்கி புயல். பதினாறு பேர் லிஸ்டில் இரண்டு பேர் திரும்பவில்லை. நீ அப்போது அங்கே இருந்தாய், ராத்திரி பகலாகப் போனில் கேட்டுக்கொண்டிருந்தாய். அவர்களுக்கென்று தனியாகப் பக்கம் வைக்கலாமா என்று இரண்டு வீட்டிலும் போய்க் கேட்டேன். ஒரு வீட்டில் சரி என்றார்கள். இன்னொரு அம்மை நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, 'தனியாப் போட வேண்டாம் மக்களே, அவன் கூட்டத்தோட நிக்கிற படத்தைப் போடு' என்றார். அப்படியே செய்தேன். இரண்டு பேரும் டீம் படத்தில் மற்றவர்களோடு நிற்கிறார்கள். பெயருக்குப் பக்கத்தில் வருஷம் மட்டும்.

இப்போது உன்னிடம் ஒரு காரியம் கேட்க வேண்டும். 1994 ஜூலையில் எடுத்த படம் உன்னிடம் இருக்க வேண்டும். உலகக் கோப்பை ஃபைனல் நம்ம ஊரில் ராத்திரி ஒரு மணிக்குத் தொடங்கியதே, இத்தாலியின் பாஜியோ பெனால்டியை மேலே அடித்ததும் நீ குருசடி வரைக்கும் கத்திக்கொண்டே ஓடினாயே, அந்த வாரம் எடுத்தது. எல்லாரும் திருவனந்தபுரம் சாலை பஜார் கடையில் வாங்கிய பிரேசிலின் மஞ்சள் ஜெர்சி, அர்ஜென்டினா ரசிகனான எனக்கும் அதையே மாட்டிவிட்டீர்கள். என்னிடம் இருந்த பிரதியில் மூலை முழுக்கக் கறை பிடித்துவிட்டது. உன்னுடையதை உறையிலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் நேராக வைத்து எடு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பு.

நிற்கிற வரிசையில் பத்துப் பேர். ஒன்பது பேருக்குப் பெயர் கண்டுபிடித்துவிட்டேன். இடமிருந்து நான்காவது, உன் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிற ஒல்லிப் பையன் யார்? மாமியிடம் கேட்டேன், பழைய கோல்கீப்பரிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. மாமாவின் நோட்டில் அந்த வாரத்துப் பக்கம் ஈரத்தில் ஊறி மை பரவிக் கிடக்கிறது. பொழியூர்ப் பையன் என்று எனக்கு ஒரு நினைப்பு. உன் தோளில்தான் கை போட்டிருக்கிறான், உனக்குத் தெரியாமல் இருக்காது. யோசித்துச் சொல் மக்கா.

அன்புடன்,
உன் பழைய ரைட் பேக்