பாப்பாவுக்கு, திருநகரிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

பித்தப்பையை எடுத்து நீ வீடு திரும்பிய பிறகுதான் உன் தம்பி மூலம் எங்களுக்குச் சேதி வந்தது. நாங்கள் பயந்துவிடுவோம் என்று சொல்லவில்லையாம். சரி.

போனில் 'நல்லா இருக்கேன்பா' என்கிறாய். வார்த்தைக்கு வார்த்தை நீ மூச்சு வாங்குவது இங்கே கேட்கிறது. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பாகம் விரியாது, சளி தங்கிவிடும். வயிற்றில் லேசாகக் கை வைத்துக்கொள். மூக்கால் மெல்ல இழு, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வாயால் விடு. அப்படி விட்டால் நெஞ்சுப் படபடப்பு அடங்கும். எனக்கு நெஞ்சில் ஆபரேஷன் செய்தபோது பிசியோதெரபி பிள்ளை சொல்லிக்கொடுத்தது. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமு. பக்கத்தில் ஆள் இருந்தால் எடுத்துக் கொடுக்கச் சொல்லு.

தோளில் வலிக்கிறது என்றாயாம். துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனில் வயிற்றுக்குள் கரியமில வாயுவை நிரப்புவார்கள். மிச்சம் நிற்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற உதரவிதானத்தை உறுத்தும், வலி தோளில் தெரியும். வீட்டுக்குள் மெதுவாக நட, குறையும். (வாத்தியார் புத்தி போகவில்லை என்று சிரிக்காதே, சிரித்தால் தையல் இழுக்கும்.)

ராத்திரி தூக்கம் வராவிட்டால் ஜேகப்சன் முறையைச் செய்து பார். சிகாகோவில் இருந்த மருத்துவர், 1929-லேயே இதைப் புத்தகமாக எழுதியவர். பாதத்தை இறுக்கு, அப்படியே தளர விடு. அப்புறம் கெண்டைக்கால், கை, முகம். வயிற்றை மட்டும் இறுக்காதே. வலி வந்தால் உடம்பு தானாக இறுகும், இறுகினால் வலி கூடும். கண்ணை மூடி, தெப்பக்குளத்துப் படியில் சாயங்காலம் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள். அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டத்தை நினைத்துவிடாதே, உள்ள படபடப்பும் கூடிவிடும்.

இதெல்லாம் மாத்திரைக்குப் பதில் இல்லை. டாக்டர் எழுதிய நேரத்துக்கு, வலி ஏறுவதற்கு முன்பே போடு. கை ஒடிந்த அன்றைக்கும் அழாமல் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வந்தவள் நீ. ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். இப்போது அந்தப் பிடிவாதம்தான் எனக்குப் பயம். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லு. காய்ச்சல் வந்தாலோ, தையல் சிவந்து நீர் வடிந்தாலோ, கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ யாருக்கும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

மாப்பிள்ளை லீவு போட்டாரா என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் வேலை இருக்கும். கஞ்சி யார் வைக்கிறார்கள் என்று அம்மாதான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பூனாவுக்கு ரயில் பார்த்து வைத்திருக்கிறேன், நீ 'ம்' என்றால் போதும்.

மூச்சை மெதுவாக விடு.

பார்சலில் முறுக்கு வருகிறது. எண்ணெய்ப் பண்டம் உனக்கு இப்போது ஆகாது, அது மாப்பிள்ளைக்கு. வீட்டில் இருக்கிற நேரம் பார்த்துக் கொடு.

அப்பா