கருப்பையை அகற்றினால் அச்சம் தீர்ந்துவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் மருத்துவப் பக்கத்தில், "கருப்பையை அகற்றிவிட்டால் எண்டோமெற்றியோசிஸ் பற்றி அஞ்சத் தேவையில்லை" என்ற வரியை வாசித்தேன். இதே வார்த்தையை நம்பி என் அக்கா இரண்டு வருடங்களை இழந்தார்.

எண்டோமெற்றியோசிஸ் நோயில் கருப்பையின் உட்படலத்தை ஒத்த இழையம் குடலிலும் சிறுநீர்ப்பையிலும் சிசேரியன் தழும்பிலும்கூட வளரும் என்பதும், அது அரிதாகப் புற்றாக மாறும் என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. அத்தகைய புற்று பெரும்பாலும் சூலகத்திலேயே தோன்றுகிறது. ஆனால் வேறிடங்களில் அரிது என்பதற்கு அங்கு வராது என்பது பொருளன்று.

தோட்டத்தில் கொழுந்து பறித்த அக்காவுக்கு, கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டு ஒன்பது வருடங்களின் பின் மலத்தோடு இரத்தம் போனது. மூலவியாதி என்று களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். வலியோடு மலையேறி, பறிக்கும் கொழுந்தின் கிலோ குறைந்து, அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) வாங்கிய நாட்களே அதிகம். பழைய சத்திரசிகிச்சையின் டயக்னோசிஸ் கார்டைப் பொலித்தீன் உறையில் சுற்றி ஒவ்வொரு கிளினிக்கிற்கும் கொண்டுபோனார். ஒருவரும் அதை விரித்துப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் இருந்ததால் அவருக்கும் அது புரியவில்லை. 1987 இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது; ஆயினும் தன் வயிற்றிலிருந்து எதை எடுத்தார்கள் என்பதைத் தமிழில் எழுதித் தர இன்றுவரை ஆளில்லை.

பிறகு குடலில் கட்டி தெரிந்தது. முதல் பயொப்ஸி (இழையத் துண்டுப் பரிசோதனை) அதைச் சாதாரணக் குடற்புற்று என்றது. பழைய கதையைப் பொறுமையாகக் கேட்ட இளம் வைத்தியர் ஒருவர், வெட்டியெடுத்த குடற்பகுதியை விசேட சாயப் பரிசோதனைக்கு அனுப்பிய பின்னரே, அது எண்டோமெற்றியோசிஸிலிருந்து தோன்றிய புற்று என்ற உண்மை வெளிவந்தது. குடற்புற்றில் வழக்கமாகக் காணப்படும் சீகே 20, சீடிஎக்ஸ் 2 ஆகிய புரதங்கள் அதில் இல்லை. மாறாக, கருப்பை உட்படல வகை இழையத்தில் காணப்படும் சீகே 7 உம் பாக்ஸ் 8 உம் ஈஸ்ட்ரஜன் ஏற்பியும் இருந்தன. புற்றை ஒட்டியே பழைய எண்டோமெற்றியோசிஸ் இழையமும் தெரிந்தது. இந்த நெருக்கத்தைத் தேட வேண்டும் என்று சாம்சன் என்ற அமெரிக்க வைத்தியர் 1925 இலேயே எழுதியிருக்கிறார்.

இப்போது அக்கா சிகிச்சைக்காக மகரகமை புற்றுநோய் வைத்தியசாலைக்கு இரவு பஸ்ஸில் போய் வருகிறார். தங்களிடம் வேண்டுவது ஒரு சிறு திருத்தம் மட்டுமே: எண்டோமெற்றியோசிஸ் இருந்து கருப்பை அகற்றப்பட்டவர்கள், மலத்திலோ சிறுநீரிலோ இரத்தம் கண்டால் பழைய நோயையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும் என்று, அதே பக்கத்தில் நான்கு வரி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மஸ்கெலியா.