பர்சனல் ட்ரெயினர் ரேட்டை போர்டுல எழுதி வைக்க சொல்லுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

சேலத்துல இப்ப ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், அஸ்தம்பட்டி, ஜங்ஷன்னு எந்த பக்கம் திரும்புனாலும் ஜிம்மு தான், நாலு பேரு உடம்பை பார்த்துக்கிட்டா நல்லது தானுங்க. நான் எழுத வந்தது பர்சனல் ட்ரெயினர் ஃபீஸ் பத்தி. ஒருத்தர் தன்னோட ஒரு மணி நேரத்தை நமக்குன்னு ஒதுக்குனா காசு கேக்கத்தான் செய்வாரு, அதை தப்பு சொல்லல. குடுக்கற காசு எதுக்கு எவ்ளோ போகுதுன்னு கேட்டா ஒருத்தரும் வாயை திறக்க மாட்டேங்கறாங்களே, அங்க தான் கடுப்பாகுது.

எனக்கு செவ்வாய்ப்பேட்டையில கொலுசு பட்டறை. காலையில கீழ சம்மணம் போட்டு உக்காந்தா பொழுது சாயறவரைக்கும் குனிஞ்சே தான் வேலை, முதுகு புடிச்சுக்கிச்சு, கூடவே சுகரும் வந்துருச்சு. நடந்தா மட்டும் பத்தாது, கொஞ்சம் வெயிட்டும் தூக்குங்கன்னு டாக்டர் சொன்னதால ஊருக்குள்ள ஒரு ஜிம்முல போய் விசாரிச்சேன். மெம்பர்ஷிப் தனி, பி.டி.ன்னு சொல்ற பர்சனல் ட்ரெய்னிங் தனியாம். பி.டி.க்கு மூணு மாசத்துக்கு 24,000, இன்னிக்கே கட்டுனா 20,000, நாளைக்கு வந்தா ஆஃபர் இருக்காதாம். சரிம்மா, இந்த இருபதாயிரத்துக்கு எத்தனை செஷன், நான் ஒரு நாள் வரலைன்னா அதுவும் கழிஞ்சிடுமா, ட்ரெயினர் பாதியில வேலையை விட்டுட்டா வேற யாரு வருவாங்க, நானே நிறுத்திட்டா மிச்ச காசு வருமா வராதான்னு கேட்டேன், ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு பாவம் உள்ள போய் யாரையோ கேட்டுட்டு வந்து "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் சார்"னு சொல்லுச்சு. பில்லு குடுப்பீங்களான்னா வாட்ஸ்அப்ல மெசேஜ் வருமாம்.

எங்க தொழில்ல இப்படி பேசுனா ஒரு ஜோடி கொலுசு விக்க முடியாதுங்க. டச் (வெள்ளியோட சுத்தம்) எவ்ளோ, கூலி எவ்ளோ, சேதாரம் எவ்ளோன்னு தனித்தனியா கேட்டுட்டு தான் பர்ஸை திறப்பாங்க. ஜிம்முல மட்டும் எல்லாத்தையும் ஒண்ணா உருக்கி ஒரே ரேட்டு.

ட்ரெயினர் பசங்க மேல எனக்கு கோவம் இல்ல. அங்க வேலை பார்க்கற ஒரு தம்பி டீக்கடையில சிக்குனாரு, பேச்சு குடுத்தேன். காலையில 5 மணிக்கு வந்தா 10 வரைக்கும், மறுபடி சாயங்காலம் 5ல இருந்து ராத்திரி 10, பி.டி. காசுல பாதிக்கு மேல ஜிம்மே எடுத்துக்குமாம், மாசா மாசம் இத்தனை பேரை புடிக்கணும்னு டார்கெட்டு வேற. அதனால என்னாகுதுன்னா ஒரே நேரத்துல மூணு பேருக்கு பர்சனல் ட்ரெய்னிங் நடக்குது! நானே பார்த்தேன், ஒரு அம்மா ஸ்குவாட் போடறாங்க, எந்திரிக்கும் போதெல்லாம் ரெண்டு முட்டியும் உள்பக்கமா மடங்குது, இவரு "டென், லெவன்"னு எண்ணிக்கிட்டே அந்தப் பக்கம் இன்னொருத்தருக்கு பிளேட் மாட்டிக்கிட்டு இருக்காரு. எண்றதுக்கு எதுக்குங்க இருபதாயிரம்.

இன்னொண்ணு, எனக்கு சுகர் இருக்குன்னு நானா தான் சொன்னேன், என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு யாரும் கேக்கல. இன்சுலின் போடறவங்க, சில வகை சுகர் மாத்திரை எடுக்கறவங்க சாப்பிடாம கொள்ளாம வந்து பயிற்சி பண்ணா சுகர் சடார்னு இறங்கி மயக்கம் கூட வரலாம், முதல்ல கேக்க வேண்டியதே அது தானே. அதை விட்டுட்டு புரோட்டீன் பவுடர் எந்த கம்பெனி வாங்கலாம்னு ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு ஸ்கூப்புல வர்ற புரோட்டீன் நாலு முட்டையில வந்துரும், ஐதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024ல வெளியிட்ட உணவு வழிகாட்டியில உடம்பு ஏத்தறதுக்குன்னு பவுடர் வேண்டாம்னு தான் சொல்லியிருக்கு.

ஜிஎஸ்டி கதை தனி. ஜிம்முக்கு முன்னாடி 18 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22ல இருந்து 5 சதவீதம் தான். அவங்க வாங்கற சாமான், குடுக்கற வாடகைக்கு கட்டுன வரியை இப்ப கழிச்சுக்க முடியாது, அதனால முழுசா 13 சதவீதமும் குறைக்க முடியாதுன்னு சொன்னா ஒத்துக்கறேன், நானும் ஜிஎஸ்டி கட்டறவன் தான். வருசத்துக்கு 20 லட்சத்துக்கு கீழ மொத்த வரவு இருக்கற சின்ன ஜிம்முக்கு ஜிஎஸ்டி பதிவே தேவையில்ல, அதுவும் தெரியும். ஆனா பில்லே இல்லாத இடத்துல வரி குறைஞ்சுச்சா கூடுச்சான்னு எதை வச்சு பார்க்கறது? கேட்டும் பில்லு குடுக்காம இருக்கறது 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படியே தப்புங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு புகார் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போட்டாலும் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்ல. இது நம்மாளுங்க பாதி பேருக்கு தெரியாது.

என்னை கேட்டா தினமும் ட்ரெயினர் தேவையே இல்லைங்க. உலக சுகாதார அமைப்பு வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடக்கற மாதிரி பயிற்சி, அதோட ரெண்டு நாளாவது தசைக்கு வேலை குடுக்கற பயிற்சின்னு தான் சொல்லுது. நடக்கறதுக்கு மூக்கனேரி பக்கம் இருக்கு, அதுக்கு ட்ரெயினருக்கு ஃபீஸ் கட்ட வேண்டாம். வாரத்துல ரெண்டு நாள் வெயிட்டுக்கு மட்டும் ஆளு இருந்தா போதும், அதுவும் முறையா குனியறது நிமிர்றது கைக்கு படியற வரைக்கும், அப்புறம் எப்பவாவது ஒரு தடவை செக் பண்ணிக்கலாம். செஷன் கணக்குல காசு வாங்கறேன்னா நாங்க சந்தோஷமா குடுப்போம், ஒரு மணி நேரத்துக்கு 500 ஆனாலும் சரி. மூணு மாசம் மொத்தமா கட்டு, இல்லைன்னா ஆளே கிடையாதுங்கறது என்ன நியாயம்?

ட்ரெயினரா வேலை பார்க்க நம்ம நாட்டுல லைசென்ஸ்னு ஒண்ணு கட்டாயம் கிடையாது. பி.பி.எட்.னு உடற்கல்வி பட்டம் படிச்சவரும் ட்ரெயினர், ஏசிஇ, என்ஏஎஸ்எம் மாதிரி அமெரிக்க அமைப்புகள்ல சர்டிபிகேட் வாங்குனவரும் ட்ரெயினர், போன வருசம் வரைக்கும் நம்மளோட நின்னு வெயிட் தூக்கிட்டு இருந்தவரும் ட்ரெயினர், மூணு பேருக்கும் ஒரே ரேட்டு. அதனால வாசல்லயே ஒரு போர்டு வைக்கட்டும், ட்ரெயினர் பேரு, என்ன படிச்சிருக்காரு, ஒரு செஷனுக்கு எவ்ளோ, ஒரு நேரத்துல எத்தனை பேரை பார்ப்பாரு, நிறுத்துனா எவ்ளோ திரும்ப வரும்னு. ஓட்டல்ல தட்டுவடை செட்டுக்கே விலைப்பட்டியல் தொங்குது.

கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி உங்க நிருபர் யாராவது ஒருத்தரை கஸ்டமர் மாதிரி நாலஞ்சு ஜிம்முக்கு அனுப்பி ரேட்டை வாங்கி பேப்பர்ல போடுங்க ஐயா. போன்ல கேக்க வேண்டாம், "நேர்ல வாங்க சார், பேசிக்கலாம்"னு வச்சிருவாங்க.

இப்படிக்கு,
கொலுசு பட்டறைக்காரன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.