மூன்று முறை சாக்கெட் மாற்றித் தந்தவர்களுக்கு

செயற்கைக்கால் பட்டறை அண்ணன்மார்களுக்கும், நடக்கப் பழக்கிய அக்காவுக்கும், பணம் அனுப்பிய முகம் தெரியாதவர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் வருவதற்கு முன்பே எனக்கு ஒரு செயற்கைக்கால் இருந்தது. ஒரு முகாமில் கிடைத்தது. நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் முகாம் முடிந்ததும் அவர்களும் போய்விட்டார்கள். காலை எடுக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் சில மாதங்களில் எஞ்சிய கால் வற்றும், எல்லோருக்கும் நடப்பதுதான் என்று சொல்ல ஆளில்லை. எஞ்சிய கால் உள்ளே பொருந்தும் கிண்ணம் போன்ற சாக்கெட் தொளதொளவென்று ஆகி, தோல் உரிந்து புண்ணானது. செயற்கைக்கால் கட்டிலுக்கடியில் போனது, நான் ஊன்றுகோலுக்குத் திரும்பினேன்.

நீங்கள் முதலில் புண்ணை ஆறவிட்டீர்கள். அப்புறம் எலும்பு துருத்தும் இடங்களைப் பென்சிலால் குறித்து, மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்தீர்கள். போட்டு நடந்தேன், ஓரிடத்தில் குத்தியது. அண்ணன் அந்த இடத்தில் உதட்டுச்சாயத்தைத் தடவி, காலை மாட்டிக் கழற்றச் சொன்னார். சாக்கெட்டின் உள்ளே சிவப்பாக ஒரு புள்ளி! அங்கே மட்டும் சூடாக்கி, வெளிப்பக்கமாகத் தள்ளினார். குத்தல் போயே போனது. வலி எங்கே என்று என்னிடம் ஒருவர் இவ்வளவு பொறுமையாகக் கேட்டது அதுதான் முதல் முறை.

கால் மேலும் வற்ற வற்ற இரண்டு முறை புது சாக்கெட் செய்தீர்கள். ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை.

நான் பார்த்தே இராத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். வெறுங்காலோடு நடக்கவும் குந்தி உட்காரவும் ஏற்ற பாதத்தை 1968 வாக்கில் ஜெய்ப்பூரில் உருவாக்கிய கைவினைஞர் ராம் சந்திர சர்மா, மருத்துவர் பி.கே. சேத்தி, பாலிப்ரொப்பிலீன் என்ற மலிவான பிளாஸ்டிக்கில் கால் செய்யும் முறையை ஏழை நாடுகளுக்குக் கொண்டுபோன சர்வதேச செஞ்சிலுவைக் குழு. இவர்கள் போட்ட பாதையில்தான் நானும் நடக்கிறேன்.

கொடையாளர்களே, நீங்கள் தந்த பணத்தில் கால் மட்டும் வரவில்லை. என் பயணச்செலவும், தங்கிய நாட்களின் சாப்பாடும், அண்ணன்மாருக்குக் கிடைத்த பயிற்சியும் அதில்தான். செயற்கைக்கால், சக்கர நாற்காலி போன்ற உதவிக் கருவி தேவைப்படும் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் அது கிடைக்கிறது என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. கிடைக்காதவர்களுக்கும் அது கிடைக்க வேண்டும். பழுது பார்க்க ஒரு பட்டறையும் பக்கத்திலேயே வேண்டும். வளரும் குழந்தைக்கு அடிக்கடி புதுக்கால் தேவைப்படும். தயவுசெய்து இதற்கும் சேர்த்தே கொடுங்கள்.

அண்ணா, இப்போது எஞ்சிய காலில் காலுறை ஒன்று கூடுதலாகப் போட்டால்தான் சாக்கெட் இறுக்கமாக இருக்கிறது. அடுத்த மாதம் காட்ட வருகிறேன்.

நன்றியுடன்,
உங்களிடம் நடக்கப் பழகியவன்