11 லாரிகளின் எடைப் பதிவைத் தானாக அழித்த மென்பொருள் குறித்த புகார்

அனுப்புநர்:
எடைமேடை உரிமையாளர்,
காவேரிப்பட்டணம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்.

ஐயா,

மே மாதம் உங்களிடம் வாங்கிய எடைமேடை மென்பொருள், ஜூன் கடைசி வாரத்தில் ஒரே ராத்திரியில் 11 லாரிகளின் பதிவை அழித்துவிட்டது. "ஆளே தேவையில்லை, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லி விற்றது இதைத்தான்.

எங்கள் வேலை இப்படி: லோடோடு வரும்போது ஒரு எடை, ஆலையில் இறக்கிவிட்டு வரும்போது காலி வண்டிக்கு ஒரு எடை. இரண்டும் இருந்தால்தான் சீட்டு முடியும். சீசனில் மாங்கூழ் ஆலை வாசலில் பெங்களூரா மாங்காய் லோடு ஒரு நாள், ஒன்றரை நாள்கூட வரிசையில் நிற்கும். அதுவரை பதிவு பாதியாகத்தான் கிடக்கும். உங்கள் மென்பொருளோ ராத்திரி 2 மணிக்கு, பாதியாகக் கிடந்ததெல்லாம் பழுது என்று முடிவுகட்டி 'சரிசெய்து' வைத்திருக்கிறது. காலையில் திரையில் பச்சை எழுத்தில் 'அனைத்தும் நலம்'. காலி வண்டியை மேடையில் ஏற்றிவிட்டு டிரைவர் ஜன்னலில் நிற்கிறார். வண்டி எண்ணை அடித்தால் அப்படி ஒரு வண்டியே வரவில்லை என்கிறது. ஒன்பது பேர் முதல் சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள், பிழைத்தோம். ஒருவருடையது மழையில் ஊறிப்போனது, இன்னொருவர் தொலைத்துவிட்டார். அந்த இரண்டு லோடுக்கும் தோட்டக்காரருக்கும் ஆலைக்கும் நடுவில் நான் கைக்காசு போட்டேன்.

தானாக இயங்குவதே கூடாது என்பவன் அல்ல நான். மேடையில் ஒட்டிய சேற்றுக்கு, எடை காட்டும் இண்டிகேட்டர் தானே பூஜ்யத்துக்கு வந்துவிடும். பல வருஷப் பழக்கம். ஆனால் அது சில கிலோவோடு நின்றுகொள்ளும்.

உங்கள் விற்பனையாளர் 2001இல் ஐபிஎம் என்ற கணினி நிறுவனம் சொன்னதிலிருந்து ஆரம்பித்தார். நாம் நினைக்காமலே இதயம் துடிப்பதுபோலக் கணினியும் தன்னைக் கவனித்துக்கொள்ளுமாம். கண்காணிப்பது, ஆராய்வது, திட்டமிடுவது, செய்வது என்று நாலு படி, நடுவில் 'அறிவு'. நாலு படியும் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது. அந்த அறிவில் மாங்காய் சீசன் இல்லை, அவ்வளவுதான். எத்தனை மணி நேரம் கிடந்தால் பழுது என்று அதற்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

அப்புறம், எதை அழித்தது என்ற குறிப்பும் எங்கள் கண்ணில் படும் இடத்தில் இல்லை. உதவி எண்ணிலும் இயந்திரக் குரல்தான்.

அழிந்த 11 பதிவுகளையும் காப்பு நகலிலிருந்து மீட்டுத் தர வேண்டும். என்னைக் கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது. அந்த நேரக் கணக்கு என் கையில் இருக்க வேண்டும். இரண்டு லோடுக்கு நான் கொடுத்த பணத்தையும் தர வேண்டும்.

ஜூலை லோடு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இப்போதைக்குப் பையன் நோட்டில் எழுதுகிறான்.

இப்படிக்கு,
எடைமேடை உரிமையாளர்