பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உனக்கு வேலை கிடைத்ததில் சித்திக்கு எவ்வளவு பெருமை என்று தெரியும். எனக்கும்தான். அமெரிக்காவில் எந்த டாக்டர் எந்த மருந்தை எவ்வளவு எழுதுகிறார் என்று அலசி, கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதிகள் யாரை முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பது உன் வேலை என்றாய். “வெறும் எக்செல் வேலைதான் அண்ணா” என்றாய். அதைக் கேட்டதிலிருந்து உனக்கு இதை எழுத வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

பர்டியூ ஃபார்மா என்ற அமெரிக்க மருந்துக் கம்பெனி 1996-இல் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையை விற்கத் தொடங்கியது. அபின் வகையைச் சேர்ந்த மருந்து, அதாவது ஓபியாய்டு. புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு இப்படி ஒரு மருந்து வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் எழுதவைத்தால்தான் பெரிய வியாபாரம். உடம்பில் மெதுவாகச் சேர்வதால் இதற்கு அடிமையாகும் ஆபத்து குறைவு என்று பிரதிநிதிகள் டாக்டர்களிடம் சொன்னார்கள். முதல் ஆண்டில் 4.8 கோடி டாலராக இருந்த விற்பனை, 2000-இல் 100 கோடியைத் தாண்டியது.

யாரிடம் போய்ச் சொல்வது என்று அவர்களுக்குக் காட்டியது, நீ இப்போது போடும் அதே மாதிரிப் பட்டியல்தான். ஓபியாய்டு மருந்துகளை அதிகம் எழுதுகிறவர்களைப் பொறுக்கியெடுத்து, அவர்களிடமே திரும்பத் திரும்பப் போனார்கள். எவ்வளவு விற்றதோ அவ்வளவு போனஸ். 2001-இல் அது சராசரியாக 71,500 டாலர்.

கொஞ்சம் யோசித்துப் பார். சின்ன ஊரில் ஒரு டாக்டர் அளவுக்கு மீறி எழுதுகிறார் என்றால், அவர் நல்ல வாடிக்கையாளராக இருக்கலாம், அல்லது அந்தக் கிளினிக்கில் ஏதோ தப்பு நடக்கலாம். இரண்டையும் காட்டுவது ஒரே எண். கம்பெனிக்கு இரண்டாவது அர்த்தம் புரியாமல் இல்லை. மருந்து தவறான கைகளுக்குப் போகிறது என்று நம்பக் காரணம் இருந்தும், 100-க்கும் மேற்பட்ட மருத்துவர்களிடம் தொடர்ந்து விற்பனை செய்ததை 2020-இல் பர்டியூவே ஒப்புக்கொண்டது. அதுவும் எப்போது? தவறான விளம்பரத்துக்காக 2007-இல் ஒரு தடவை குற்றத்தை ஒப்புக்கொண்டு, 60 கோடி டாலர் வரை கட்டிய பிறகு!

பர்டியூவுக்கு ஆலோசனை சொன்ன மெக்கின்சி என்ற நிறுவனத்தின் கதையையும் கேள். 2013, இந்த மருந்துகளால் நேர்ந்த சாவுகள் ஊரறிந்த செய்தியாகிவிட்ட காலம். அப்போதும் அதிகம் எழுதுகிறவர்களையே குறிவைக்கச் சொல்லித் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அவர்களும் உன்னைப் போல நன்றாகப் படித்தவர்கள், எண்களை அலசத் தெரிந்தவர்கள். 2024 டிசம்பரில் மெக்கின்சி 65 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பர்டியூ தொடர்பான கோப்புகளை அழித்ததாக, அங்கே மூத்த பங்குதாரராக இருந்த மார்ட்டின் எல்லிங் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

மருந்துக்கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் மொத்த விநியோகக் கம்பெனிகளின் கதையும் இதேதான். மேற்கு வர்ஜீனியாவில் கெர்மிட் என்று ஓர் ஊர், சுமார் 400 பேர். அங்கே ஒரே மருந்துக்கடைக்கு இரண்டு ஆண்டுகளில் கிட்டத்தட்ட 90 லட்சம் வலி மாத்திரைகள் போயிருக்கின்றன. யாரோ பில் போட்டார்கள், யாரோ லாரியில் ஏற்றினார்கள். அந்தக் கணக்கு எத்தனையோ பேர் கண்ணில் பட்டிருக்கும்.

பின்னாளில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது ஃபென்டனில் என்ற, இன்னும் வீரியமான கள்ளச்சந்தை ஓபியாய்டுதானே என்பார்கள். உண்மைதான். ஆனால் டாக்டர் சீட்டில் தொடங்கி அதில் போய் முடிந்தவர்கள் ஏராளம். 1999 முதல் 2022 வரை ஓபியாய்டுகளால் இறந்தவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். பர்டியூவின் சொந்தக்காரர்களான சாக்லர் குடும்பம் 2008-க்குப் பின் 10 ஆண்டுகளில் கம்பெனியிலிருந்து எடுத்த பணம் 1,000 கோடி டாலருக்கும் மேல். அந்தக் குடும்பத்தில் ஒருவர்மீதுகூடக் குற்ற வழக்கு போடப்படவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

உன்னை வேலையை விடச் சொல்லவில்லை. நல்ல சர்க்கரை மருந்து ஒன்று டாக்டர்களுக்குத் தெரியவரவும் இந்தப் பட்டியல் உதவும். ஆனால் பழக்கமாகிவிடக்கூடிய மருந்து உன் மேசைக்கு வந்தால், உச்சியில் இருக்கும் பெயர்களைத் தனியே எடு. அந்த ஊர்களின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டுப் பார். பொருந்தவில்லை என்றால் உன் மேலாளரிடம் கேள், வாயால் இல்லை, மின்னஞ்சலில். பதில் வராவிட்டால் எனக்குப் போன் பண்ணு. அடுத்து யாரிடம் போவது என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
அண்ணன்