மேடைக்கு ஏற ஒரு வழி வையுங்கள்: மண்டபத்துக்காரர்களுக்கு ஒரு மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் கல்யாண மண்டபம் நடத்துகிற பெரியவர்களுக்கு வணக்கமுங்க.

நான் பல்லடம் பக்கத்தில் தறி ஓட்டுகிற குடும்பத்துப் பெண். ஆறு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்குத் தண்டுவடத்தில் கட்டி வந்தது. முதலில் கால் மரத்தது. ஒரு நாள் தறிக்குடோனிலிருந்து வாசல் வரை வந்தவருக்கு, ஒரு காலில் செருப்பு இல்லை என்பதே நான் சொல்லித்தான் தெரிந்தது. சர்க்கரையாக இருக்கும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். ஸ்கேன் எடுத்தபோது, முதுகின் நடுவில் கட்டி தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. புற்றுநோய் இல்லை, மெதுவாக வளர்கிற கட்டி. ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள். ஆனால் மாசக்கணக்கில் நசுங்கிக் கிடந்த நரம்பு மீளவில்லை. மார்புக்குக் கீழே இன்றுவரை உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. (யாருக்காவது செருப்பு கழன்றது தெரியாமல் போனால், நடை தள்ளாடினால், வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டியது போல இறுக்கினால், தள்ளிப் போடாமல் நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள். நாங்கள் தள்ளிப் போட்டோம்.)

வீட்டுக்குள் பழகிவிட்டோம். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் போட்டுச் சிறுநீர் எடுக்க வேண்டும். படுக்கைப்புண் வராமல் இருக்க ராத்திரியில் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பத்தாவது படிக்கிற மகன் பத்து மணி முறையைப் பார்த்துக்கொள்கிறான், மற்றது என்னுடையது. அவர் வீல் சேரில் உட்கார்ந்தே நூல் கணக்கு பார்க்கிறார். "மூணாந்தறி சத்தம் மாறுது, போய்ப் பாரு கண்ணு" என்பார். போய்ப் பார்த்தால் இழை அறுந்திருக்கும்.

எங்களுக்கு வெளியேதான் வழியில்லை. நம் ஊரில் சொந்தபந்தம் கூடுகிற இடம் மண்டபம்தானே. வரன் பேசுவதும், மனஸ்தாபம் தீருவதும், ஒருத்தருக்கொருத்தர் உடம்பு விசாரிப்பதும் அங்கேதான்.

போன வருஷம் அவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம். அவர் தாய்மாமன். முன்வாசலில் ஏழு படி. பின்னால் சமையல் கட்டில் பாத்திர வண்டி ஏற ஒரு சரிவு இருந்தது. அடுப்புகளுக்கும் சிலிண்டர்களுக்கும் நடுவில் அவரைத் தள்ளிக்கொண்டு போனோம். மேடைக்கு ஐந்து படி. நாலு பையன்கள் வீல் சேரோடு தூக்கினார்கள். மூன்றாவது படியில் சேர் சாய்ந்தது, வேட்டி விலகியது, கசிவுக்காகக் கட்டியிருந்த மூத்திரப் பை வெளியே தெரிந்தது. நான் ஓடிப்போய்த் துண்டைப் போட்டேன். அவர் கையில் சீர்த்தட்டு இருந்ததால் வேட்டியை இழுத்துவிட அவரால் முடியவில்லை. போட்டோவில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். வரும்போது காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் வந்த பத்திரிகைகளுக்கெல்லாம் "நீ போய்ட்டு வா" என்றுதான் சொல்கிறார்.

தூக்கிய பையன்கள் மேல் குறை இல்லைங்க. பாசத்தில் தூக்கினார்கள். அவர்களைத் தூக்க வைத்தது அந்தப் படிதான்.

2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பொதுக் கட்டடம் என்றால் அரசாங்கக் கட்டடம் மட்டும் இல்லை. பொதுமக்கள் வந்து போகிற தனியார் கட்டடமும் அதில் அடக்கம். ஏற்கெனவே இருக்கிற கட்டடங்களை மாற்றியமைக்க, விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருஷம் அவகாசம். விதிகள் 2017 ஜூனில் வந்தன. கணக்கு பார்த்துக்கொள்ளுங்கள். வழக்குப் போட நான் வரவில்லை. எங்கள் சீருக்கும் விசேஷத்துக்கும் உங்கள் மண்டபத்துக்கு வருகிறவள் என்ற உரிமையில் கேட்கிறேன்.

சரிவு கட்ட ஒரே கணக்குத்தான். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அரையடிப் படி ஐந்து என்றால் ரெண்டரை அடி, அதற்கு முப்பது அடி சரிவு. நேராக இடம் இல்லையென்றால் சுவரோரம் மடக்கிக் கட்டலாம், மடங்குகிற இடத்தில் வண்டி திரும்பச் சமதளம் விட்டால் போதும். இடத்தை மிச்சம் பிடிக்கச் செங்குத்தாகக் கட்டிவிடாதீர்கள். கை பலம் இருக்கிறவர்களுக்கே அதில் ஏற முடியாது, இறங்கும்போது வண்டி கவிழும்.

அப்புறம் கழிவறை. எங்கள் வீல் சேர் 26 அங்குலம், அந்த மண்டபத்துக் கழிவறைக் கதவு 24. அன்றைக்குக் காருக்குள் ஜன்னலில் சேலையை மறைத்துக் கட்டித்தான் குழாய் போட்டேன். சாப்பாட்டுக்கூடம் கீழ்த்தளத்தில், லிஃப்ட் இல்லை. இலைச் சாப்பாட்டை டிபன் கேரியரில் போட்டுக் கொடுத்தார்கள். பந்தியில் பங்காளிகளோடு உட்கார்ந்து சாப்பிட அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

வருகிற தை மாதம் என் கொழுந்தனார் மகளுக்குக் கல்யாணம். இன்னும் மண்டபம் பிடிக்கவில்லை. பல்லடத்திலிருந்து காங்கேயம் வரைக்கும் எங்கேயாவது முன்வாசல் வழியாகவே வீல் சேர் மேடைக்குப் போகிற மண்டபம் இருந்தால் சொல்லியனுப்புங்கள். இல்லாவிட்டாலும், தைக்குள் சரிவு கட்டித் தருகிறோம் என்று ஒருத்தர் சொன்னாலும் போதும். மறுநாளே முன்பணத்தோடு வருகிறோம். அளந்து பார்க்க அவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தறிக்காரர் வீட்டுப் பெண்